மாமா உயிரோடுதான் இருக்கிறார்!

நாம் போய்ச் சேர்ந்த பிறகு நம்மைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? என் மனைவியின் பெரியப்பாவுக்கு அந்த பாக்கியம் வாய்த்தது. போன மார்கழியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, நங்கநல்லூரில் தன் வீட்டு ரூமில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக் குடித்தபடியே தன்னுடைய இரங்கல் கூட்டத்தை முழுசாகக் கேட்டார். ஒரு நிமிட மௌன அஞ்சலி உட்பட. நடுவில் பூந்து மறுப்புத் தெரிவிக்கத்தான் முடியவில்லை. அவருடைய ரேடியோவுக்குக் காது கேட்டது, வாய் போய்விட்டிருந்தது.

மாமா ஒரு ஹாம். ஹாம் ரேடியோ தெரியுமில்லையா? மத்திய அரசிடம் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே ஊர் உலகத்தோடு பேசுகிற ஆசாமிகள். சினிமாப் பாட்டு போடக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது. 'நான் பேசறது எப்படிக் கேட்குது? நீ பேசறது நல்லாக் கேட்குது. உங்க ஊர்ல மழையா?' அவ்வளவுதான். இதற்காக லட்சம் லட்சமாகச் செலவழிப்பவர்கள் உண்டு. ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக்குறி வியு2ஆர்ஜி. மாமா இதைச் சொல்லாமல் யாருக்கும் காபி கொடுக்கமாட்டார்.

சும்மா பொழுதுபோக்கு என்றும் தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் டெலிபோன் தொடர்பெல்லாம் அறுந்து கிடந்தபோது, ஹாம் ரேடியோ ஒலிபரப்புக்காக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும்தான் அங்கிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாமா அந்த வாரம் ஹெட்போனைக் கழற்றியது குளிக்கப் போகும்போது மட்டும்தான் என்பது அத்தையின் சாட்சியம்.

தந்தி இலாகாவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வயது 78. அவருடைய நிலையம், அதாவது வீட்டோடு நிலையாக நிற்கிற பேஸ் ஸ்டேஷன், யேசு கம்பெனியின் எஃப்டி-101ஈ. 1970களில் ஜப்பானில் செய்தது, 15 கிலோ. அதை வைத்திருக்கும் ரூமை ஹாம்கள் பாஷையில் 'ஷாக்' என்று சொல்லவேண்டுமாம். குடிசை என்று அர்த்தம். நான் மின்சார சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரூமுக்குள் போய் வந்தபிறகு அதுவும் தப்பில்லை என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வேறு சந்தேகம். "பெரியவர் காலங்காத்தால எழுந்து 'யேசுவே, இன்னிக்காவது வாயைத் திற'ன்னு கதறுறாரே, மதம் மாறிட்டாரா?" என்று அத்தையிடமே கேட்டிருக்கிறார்கள்.

தினமும் காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஜமா கூடும். 'நெட்' என்பார்கள். இன்டர்நெட் இல்லை, அதற்கு ரொம்ப மூத்தது. ஒருவர் தலைமை தாங்கி ஒவ்வொருவருடைய அழைப்புக்குறியாகக் கூப்பிடுவார், ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி. கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்லவேண்டும். அக்டோபர் வரை மாமா நாற்பது வருஷமாக லீவே போட்டதில்லை. திடீரென்று அவர் செட் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பேசினாலும் போகவில்லை, மோர்ஸ் தட்டினாலும் போகவில்லை. ஆனால் மற்றவர்கள் பேசுவது கணீரென்று கேட்டது. தினம் காலையில் அவர் பெயர் கூப்பிடப்படும். மாமா, "இருக்கேன்டா, இருக்கேன்டா" என்று ரூமுக்குள் கத்துவார். "பதில் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு மாதம் ஆயிற்று. போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரி சமாச்சாரம் நடந்தது அவர்களுக்குத் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்த்து, மாமா 'சைலன்ட் கீ' ஆகிவிட்டார் என்று தீர்மானித்துவிட்டார்கள். மௌனமாகிவிட்ட மோர்ஸ் சாவி. ஹாம்கள் 'காலமானார்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம்தான் அந்த இரங்கல் கூட்டம்.

"எவ்வளவு நல்லாப் பேசினாங்க தெரியுமா மாப்பிள்ளை!" என்றார் மாமா. "முப்பது வருஷமா என்கிட்ட சண்டை போட்ட பெங்களூர் ஆளு, 'அவர் மோர்ஸ் தட்டினா கச்சேரி கேட்ட மாதிரி இருக்கும்'ங்கறான். இதை உயிரோட இருக்கும்போது சொன்னா என்னவாம்?"

"இப்பவும் உயிரோடதானே இருக்கீங்க?" என்றேன்.

"அது அவனுக்குத் தெரியாதே!"

திருநெல்வேலிக்காரர் மட்டும் துக்கத்தின் நடுவிலும், "என்னோட எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஒண்ணு அவர்கிட்ட இருக்கு, அதை எப்படி வாங்கறதுன்னு தெரியலை" என்றாராம்.

இதுவரை எல்லாம் தமாஷ்தான். குன்னூர்க்காரர் பேசியதுதான் மாமாவைப் பாதித்துவிட்டது. அவருக்கும் மாமா வயதுதான். மனைவி இல்லை. பிள்ளைகள் வெளியூரில். நாற்பது வருஷமாக தினம் காலையில் பத்து நிமிஷம் மாமாவோடு பேச்சு. நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அவர் குரல் கம்ம, "இனிமே யார்கிட்ட பேசறது? இந்த ஞாயிற்றுக்கிழமையோட நானும் ஆன்டெனாவை இறக்கிடறேன். செட்டை யாராவது ஸ்டூடன்ட்டுக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று புதன்கிழமை.

"ஒரு ஃபோன் பண்ணிடலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாமாவிடம் இருந்தது பழைய லேண்ட்லைன் நம்பர். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள். தினமும் ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு செல் நம்பர் வாங்கிக்கொள்ளத் தோன்றவே இல்லை. இன்டர்நெட்டில் அவர் அழைப்புக்குறியைப் போட்டுத் தேடினேன். அதே லேண்ட்லைன். உள்ளூரில் மாமாவுக்குத் தெரிந்த ஹாம்கள் இரண்டு பேர். ஒருவர் மகனோடு அமெரிக்காவில் இருக்கிறார், இன்னொருவர் நிஜமாகவே சைலன்ட் கீ. நானே மைக்கில் பேசிவிடலாம் என்றால், லைசென்ஸ் இல்லாதவன் வாயைத் திறக்கக்கூடாது. இதெல்லாம் போக மாமாவுக்கு ஒரு வைராக்கியம் வேறு: "ரேடியோவில செத்தவன் ரேடியோவிலதான் பிழைச்சு வரணும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி, "பெரியப்பாவுக்குக் கை நடுங்குது, கண்ணும் சரியில்லை. போய்க் கூடமாட ஒத்தாசையா இருந்துட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தாள். நான் பி.காம். எனக்கும் எலெக்ட்ரிசிடிக்கும் உள்ள சம்பந்தம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் கட்டுவதோடு சரி.

"மூளை என்னோடது, கை உங்களோடது" என்றார் மாமா. "முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க. உடனே தொடாதீங்க. உள்ளே 600 வோல்ட்டு."

"அதான் பிடுங்கியாச்சே?"

"கண்டென்சர்ல தங்கியிருக்கும் மாப்பிள்ளை."

புரிந்துவிட்டது. போன வருஷத்து குளோசிங் பேலன்ஸ், இந்த வருஷத்து ஓப்பனிங் பேலன்ஸ். கணக்கை மூடிவிட்டோம் என்பதற்காகக் கடன் போய்விடுமா? ரெசிஸ்டன்ஸ் கட்டிய ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே கையை விடவேண்டும். அதுவும் ஒரே ஒரு கை. இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஒரு கையில் ஏறின கரென்ட் நெஞ்சு வழியாக மறு கைக்கு இறங்குமாம். ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பையன் மாதிரி நின்றுகொண்டு ரிப்பேர் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன்.

இதில் மாமாவின் தர்மசங்கடம் வேறு. வீட்டு மாப்பிள்ளையை மரியாதைக் குறைவாகப் பேச முடியாது. "தப்பா நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை, அந்தக் கையைக் கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா நல்லது, இல்லேன்னா நீங்க செத்துப்போயிடுவீங்க" என்று முழு வாக்கியமாகச் சொல்லி முடிப்பதற்குள் ஆபத்து வந்து போய்விடும். வேறு யாராவது இருந்தால் "டேய்!" ஒன்றே போதும்.

ரிப்பேர் என்றால் செட்டைப் பிரித்துக் கொட்டுவது என்று நினைத்திருந்தேன். மாமா நாற்காலியை விட்டு அசையாமலே பாதி செட்டுக்கு விடுதலை கொடுத்தார். "கேட்குதா? கேட்குது. அப்போ பவர் சப்ளை இருக்கு. ஆன்டெனா இருக்கு. அலைவரிசையை உண்டாக்கற சமாச்சாரம் ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் பொது. அதுவும் நல்லா இருக்கு. மைக்கைச் சந்தேகப்படலாம்னா மோர்ஸும் போகலையே? அதனால மைக் நிரபராதி. மிச்சம் என்ன? கடைசிக் கட்டம்."

கணக்குப்பிள்ளைகள் செய்வதும் இதேதான். டிரையல் பேலன்ஸ் உதைத்தால் எல்லா லெட்ஜரையும் புரட்டமாட்டார்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்பார்கள். வகுபட்டால் 54 என்பதை எவனோ 45 என்று எழுதியிருக்க நிறைய சான்ஸ் உண்டு. இரண்டால் வகுபட்டால் பாதித் தொகையை எங்கேயாவது பற்றுக்குப் பதில் வரவில் எழுதியிருக்கிறார்களா என்று தேடுவார்கள். காரணம் கேட்டால் தலைமைக் கணக்கர் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அவர் உத்தியோகம் என்னாவது?

மாமாவின் செட்டில் கேட்கிற வேலையெல்லாம் டிரான்சிஸ்டர். கத்துகிற வேலைக்கு மட்டும் வால்வு: முதலில் ஒரு சின்ன வால்வு, கடைசியில் இரண்டு பெரிய வால்வு, 6ஜேஎஸ்6சி. வால்வு என்பது ஒருவகை பல்பு. உள்ளே ஹீட்டர் சூடானால்தான் எலெக்ட்ரான் கிளம்பும். அடுப்பு எரியாவிட்டால் பால் பொங்குமா? கூண்டின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். சின்னவர் செக்கச்செவேலென்று இருந்தார். பெரியவர்கள் இரண்டு பேரும் இருட்டு. அனுப்பும்போது மீட்டர் முள் பூஜ்யத்தைவிட்டு நகரவே இல்லை.

"ரெண்டு ஹீட்டரும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு. கல்யாண வீட்டு சீரியல் செட் பல்பு மாதிரி. ஒண்ணு போனா ரெண்டும் அவுட். வயசாயிடுச்சு பாவம்" என்று மாமா தீர்ப்பு எழுதிவிட்டார். யாருக்கு வயசாயிடுச்சு என்கிறார் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ரிச்சி தெரு. அண்ணா சாலைப் பக்கம் இருக்கும் இந்தச் சந்தில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் கிடையாது என்பார்கள். கேமரா, சார்ஜர், கலர் கலராக எல்ஈடி எல்லாம் கொட்டிக் கிடந்தது. வால்வு என்று கேட்டதும் முதல் கடைப் பையன் எதிரே இருந்த பம்ப் செட் கடையைக் காட்டினான். ஏழாவது கடையில் வயசானவர் ஒருவர் பரணில் ஏறி, தூசி தட்டி, இரண்டு அட்டைப்பெட்டியை இறக்கினார். பிஎல்504. "நீங்க கேக்கற நம்பர் அமெரிக்காவுல கலர் டிவிக்குப் போட்டது. இது நம்ம பிளாக் அண்ட் ஒயிட் டிவிக்குப் போட்டது. ரெண்டும் ஒரே வேலைதான் சார்" என்றார். ஒரே வேலை செய்கிறவர்களை ஒருவருக்கொருவர் மாற்றிப் போடலாம் என்பது அரசாங்க ஆபீசில் நடக்கிற விஷயம்தானே? 900 ரூபாய் கொடுத்து இரண்டையும் வாங்கிக்கொண்டு வெற்றி வீரனாகத் திரும்பினேன்.

மாமா அவற்றைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. இதுக்கு 9 கால். நம்ம சாக்கெட்டுக்கு 12 ஓட்டை. ஹீட்டருக்கு இதுக்கு 27 வோல்ட் வேணும். நம்மது 6.3." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வால்வு நல்ல வால்வுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டு வால்வையும் கழற்றியாயிற்று, போகட்டும் என்று மல்டிமீட்டரை எடுத்து ஹீட்டர் காலில் வைக்கச் சொன்னார். பீப். இன்னொன்று? பீப். இரண்டு ஹீட்டரும் குத்துக்கல் மாதிரி முழுசாக இருந்தன.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை நேத்தே பார்த்திருக்கணும். பார்க்காமலே மரண சர்டிபிகேட் கொடுத்துட்டேன்." அவருக்கு இன்னொருவர் கொடுத்த சர்டிபிகேட்டும் அதே ரகம்தான் என்பதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கொஞ்ச நேரம் பேசவில்லை.

வால்வு நல்ல வால்வு, ஆனால் அதுக்குப் போகிற கரென்ட் போகவில்லை. மறுபடி ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆராய்ச்சி. சர்க்யூட் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கரையான் சாப்பிட்டுவிட்டிருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, நான் டார்ச் அடித்து ஒவ்வொரு வயராகத் தொடர்ந்தேன். மஞ்சள் வயர் என்பார், உள்ளே எல்லாமே மஞ்சளாகியிருக்கும். மணி பத்தரை. விடிந்தால் ஞாயிறு.

அலுப்பில் நான் சும்மா கேட்டேன்: "மாமா, கணக்கு உதைச்சா நாங்க முதல்ல ஒண்ணு கேட்போம். கடைசியா டேலி ஆன தேதி எது?"

"அப்படின்னா?"

"கடைசியா இது நல்லாப் பேசினது எந்தத் தேதி?"

மாமா ஒரு நோட்டை எடுத்தார். ஹாம்கள் யாரோடு பேசினாலும் தேதி, நேரம், அழைப்புக்குறி எல்லாம் எழுதி வைப்பார்கள். ஒரு பைசா வரவு செலவு இல்லாத விஷயத்துக்கு இப்படி ஒரு சுத்தமான டே-புக்கை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை. கடைசிப் பதிவு, சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் காலை. குன்னூர்.

"அன்னிக்கு அப்புறம் செட்டை யார் தொட்டாங்க?"

சமையலறையில் தோசைக்கு அரைத்த மாவைப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

"ஆயுத பூஜைக்குத் துடைச்சுப் பொட்டு வெச்சேன். வருஷா வருஷம் முன்னாடி மட்டும் துடைப்பேன். இந்த வருஷம் ஒரே ஒட்டடையா இருக்கேன்னு பின்னாடியும் துடைச்சேன். வேற ஒண்ணும் பண்ணலை." கொஞ்சம் யோசித்தார். "ஒரு ப்ளக்கு மாதிரி இருந்துது. அதுல வயரே இல்லை. மொட்டையா சொருகியிருந்துது. வயர் இல்லாத ப்ளக்கு எதுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன்."

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊக்கு, பட்டன், தீர்ந்துபோன பேட்டரி, பூட்டு இல்லாத சாவி இவற்றோடு அது இருந்தது. கட்டைவிரல் பருமன். பதினோரு கால். ஒரு வயரும் கிடையாது.

மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். செட்டோடு வேறு கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களுக்காகப் பின்னால் ஒரு சாக்கெட் வைத்திருக்கிறான் ஜப்பான்காரன். அப்படிச் சேர்க்கும்போது பெரிய வால்வுகளை அணைத்து வைக்க வேண்டியிருக்கும் என்பதால், அதன் ஹீட்டர் கரென்ட்டை அந்த சாக்கெட் வழியாகச் சுற்றிப் போகவிட்டிருக்கிறான். ஒன்றும் சேர்க்காதவர்கள் இந்த மொட்டை ப்ளக்கைச் சொருகி வைக்கவேண்டும். அதற்குள்ளே இரண்டு காலை இணைக்கிற ஒரு துண்டுக் கம்பி. அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டால் வால்வு எரியாது. மற்றதெல்லாம் வழக்கம்போல வேலை செய்யும்.

"வாங்கின நாள்லேர்ந்து கழட்டினதே இல்லை மாப்பிள்ளை. அது அங்கே இருக்கறதே மறந்துபோச்சு" என்றார்.

அத்தையை ஏதாவது சொல்லுவார் என்று பயந்தேன். அத்தையும் பயந்த மாதிரிதான் நின்றார். "நல்லவேளை, பேப்பர்காரனுக்குப் போடாம வெச்சிருந்தே" என்று மட்டும் சொன்னார்.

சொருகினோம். ஒரு நிமிஷத்தில் பெரியவர்கள் இருவரும் கார்த்திகை அகல் மாதிரி மெல்லச் சிவந்தார்கள். ஆனால் கதை முடியவில்லை. ராத்திரியில் ஆன்டெனாவில் விட்டுச் சோதனை போட்டு ஊரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு பல்பை மாட்டச் சொன்னார். பழைய 100 வாட் குண்டு பல்பு. செட் அனுப்புகிற சக்தி பல்பில் எரியும். எல்ஈடி உதவாது. பரணிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினோம். மீட்டர் முள் நகர்ந்தது, பல்பு எரியவில்லை. "விடுங்க, விடுங்க, பத்து செகண்டுக்கு மேல வேண்டாம்!" என்று மாமா கத்தினார். மாப்பிள்ளை மரியாதை முதல்முறையாகச் சுருங்கியது.

இந்தத் தடவை யாரும் தீர்ப்பு எழுதவில்லை. வால்வு வரை வந்தாயிற்று, வெளியே போகவில்லை. நடுவில் இருப்பது ரிலே. கேட்பதற்கும் அனுப்புவதற்கும் ஆன்டெனாவை மாற்றி மாற்றிக் கொடுக்கிற ரயில்வே பாயிண்ட் மாதிரி ஒரு சாமான். கேட்கிற பக்கத்துக் காண்டாக்ட் தினமும் வேலை செய்திருக்கிறது. அனுப்புகிற பக்கம் இரண்டு மாதத்துக்கு மேலாகச் சும்மா கிடந்து களிம்பேறிவிட்டது. என் விசிட்டிங் கார்டில் ஒரு கீற்று வெட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, காண்டாக்டின் நடுவில் விட்டு மெல்ல இழுத்தேன். மூன்று தடவை கறுப்பாக வந்தது. நாலாவது தடவை வெள்ளை.

மாமா சாவியை அழுத்தினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

அத்தை வாசற்படியில் நின்று பார்த்தார். "இந்த குண்டு பல்பை எரியவைக்கவா ரெண்டு நாளா ரெண்டு பேரும் சோறு தண்ணி இல்லாம கிடந்தீங்க?"

ஞாயிறு காலை. தெருக்கோடிக் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு. வேஷ்டி மாற்றி, விபூதி இட்டு, மாமா செட் முன்னால் உட்கார்ந்தார். மொட்டை மாடித் தொட்டிக்கும் பின்கட்டுத் தென்னைக்கும் நடுவில் 66 அடிக் கம்பி. நெட் ஆரம்பித்தது. அட்டெண்டன்ஸில் மாமா பெயரை இப்போது கூப்பிடுவதில்லை. பேரை எடுத்துவிட்டார்கள். குன்னூர்க்காரரின் முறை வந்தது. "எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குக் கடைசி. சாயந்திரம் ஆள் வந்து ஆன்டெனாவை இறக்கறான்" என்று ஆரம்பித்தார்.

மாமா பட்டனை அழுத்தி இரண்டு தடவை தன் அழைப்புக்குறியைச் சொன்னார். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

கொரகொரப்பு. நாலைந்து விநாடி யாரும் பேசவில்லை.

பிறகு குன்னூர்க்காரர், கோபமாக: "யாருப்பா அது? அந்தக் கால்-சைன் யாரோடது தெரியுமா? போனவர் பேரை எடுத்து விளையாடாதே. லைசென்ஸ் இருக்கா உனக்கு?"

"நான்தான்யா! நான்தான்!" என்றார் மாமா. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாமே.

மாமா மைக்கைக் கீழே வைத்தார். செட்டின் குமிழைத் திருப்பிவிட்டு மோர்ஸ் சாவியை இழுத்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். என்ன தட்டினார் என்று எனக்குத் தெரியாது. மாமா சொல்லியிருக்கிறார், கையெழுத்து மாதிரி ஒவ்வொருவர் தட்டுவதிலும் ஒரு தனிச் சாயல் உண்டு, கேட்ட மாத்திரத்தில் ஆள் தெரிந்துவிடும் என்று. நடுங்குகிற கையில் அது மிச்சம் இருக்குமா என்பதுதான் எனக்குக் கவலை.

நிறுத்தினார். கொரகொரப்பு.

"நடுக்கம் மட்டும் புதுசா இருக்கு" என்றது குன்னூர். அப்புறம் கொஞ்ச நேரம் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. பட்டனை அழுத்தியபடியே இருந்திருக்கிறார் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் குன்னூரிலிருந்து நங்கநல்லூர் வரைக்கும் வந்தது.

இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த திட்டையெல்லாம் மாமா கொட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் மைக்கை எடுத்து, "உங்க சிக்னல் அஞ்சு-ஒன்பது. இங்கே பனி. உங்க ஊர்ல எப்படி?" என்றார்.

அதற்குள் பெங்களூர் பூந்து, "அன்னிக்கு நான் உங்க மோர்ஸ் பத்திச் சொன்னது கேட்டுதா?" என்றது. "கேட்கவே இல்லை. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் மாமா. திருநெல்வேலி தன் முறைக்காகக் காத்திருந்து, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, "அந்த எஸ்டபிள்யூஆர் மீட்டர்..." என்று ஆரம்பித்தது.

மொட்டை ப்ளக்கைச் சுற்றி இப்போது மஞ்சள் கயிறு கட்டி, செட்டின் கைப்பிடியோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. கட்டியவர் அத்தை. குங்குமமும் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை நான் இரண்டு பிஎல்504-ஐயும் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அதே பெரியவர். பெட்டியைத் திறந்து பார்த்து, "நம்ம வால்வுதான். எடுத்துக்கறேன், அதுக்கென்ன" என்றார். மனசு குளிர்ந்தது. கையை நீட்டினார்.

"பில்லு கொடுங்க சார்."